பேர் கொடுக்காத சனிக்கிழமை

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இராப்போஜனம் உண்டு. அப்பமும் திராட்சை ரசமும் வாங்க விரும்புகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலமே ஐயர் வீட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். ஐயர் என்றதும் பூணூலை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆம்பூரில் எங்களுக்குப் பாதிரியார்தான் ஐயர், அவர் மனைவி ஐயரம்மா. பேர் கொடுப்பதும் பெரிய சடங்கு ஒன்றுமில்லை. வாசலில் நின்று, "தோத்திரம் ஐயா, நாளைக்கு நானும் வர்றேன்" என்று சொல்ல வேண்டும். யாரோடாவது மனஸ்தாபம் உண்டா என்று அவர் கேட்பார். உண்டு என்றால், "முதல்ல போய் சமாதானம் ஆயிட்டு வா" என்று திருப்பி அனுப்புவார். இல்லை என்றால் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான்.

நான் மதத்தை விட்டது இப்படித்தான். ஒரு சனிக்கிழமை பேர் கொடுக்கப் போகவில்லை. சண்டை போடவில்லை, அழவில்லை, வேதப் புத்தகத்தைத் தூக்கி எறியவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு இருபது தாண்டியிருந்தது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வேலூரில் ஆசிரியப் பயிற்சி முடித்து, ஆம்பூரில் ஒரு ஜில்லா போர்டு ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்த புதிது.

ஏன் விட்டாய் என்று கேட்கிறவர்கள் ஒரு கதையை எதிர்பார்க்கிறார்கள். யாரோ செத்துப்போனார்கள், ஜெபம் பலிக்கவில்லை என்கிற மாதிரி. என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கிற அம்மாவோடு பேசிக்கொண்டே வெளியில் உட்கார்ந்து அரிசி பொறுக்குவோம். ரொம்ப நேரம் கழித்து, அம்மா அப்போதே தண்ணிக்குப் போய்விட்டாளே என்று ஞாபகம் வரும். வேலூர் ஹாஸ்டலில் ஒரு நாள் காலை ஜெபத்தில் எனக்கு அப்படி ஆயிற்று. யாரும் இல்லாத இடத்தில் இத்தனை காலம் பேசிக்கொண்டிருந்தோமே என்று முதலில் வெட்கமாக இருந்தது. ஆண்டவர் வந்துவிடுவார் என்று கொஞ்ச மாதம் பொறுத்துப் பார்த்தேன். வரவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அப்பா தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். தோல் பதனிடுகிற டேனரியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். நான் சிறுமியாக இருந்தபோதே அவர் போய்விட்டார். மிஷன் அம்மாவுக்கு ஒரு வேலை கொடுத்தது, காம்பவுண்டுக்குள் ஒரு வீடும் கொடுத்தது. ஊரில் அவளுக்குப் 'பைபிள் அம்மா' என்று பேர். குடையும் துணிப் பையுமாக வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுத்து, கூடவே வேதக் கதையும் சொல்வாள். முஸ்லிம் வீடுகளில் அம்மாவுக்கு ஏக மரியாதை. டேனரிக்காரர் வீட்டு அம்மா ஒருத்தி, "கதை ஜோராத்தான் இருக்குது பைபிளம்மா. நாங்க மாறமாட்டோம். நீ சும்மா சொல்லு" என்பாள். அம்மாவும் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். அது அவளுக்கு வெறும் சம்பள வேலை இல்லை. குடையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வேலைக்கு எழுதாத நிபந்தனை ஒன்று உண்டு. ஊருக்குக் கதை சொல்கிறவள் வீட்டில் எல்லாரும் ஒழுங்காகச் சபைக்கு வர வேண்டும். வீட்டில் இருந்த 'எல்லாரும்' நான் ஒருத்திதான்.

முதல் மாதம் எனக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அடுத்த மாதம் நேராகவே கேட்டாள்.

"இன்னாடி ஆச்சு உனக்கு?"

"எனக்கு நம்பிக்கை இல்லம்மா."

"யார் மேல?"

"ஆண்டவர் மேல."

அம்மா மலேரியாக் காய்ச்சலைப் பற்றிச் சொல்வதுபோல, "அது வரும், போவும். நீ பாட்டுக்கு இரு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

நான் பாட்டுக்கு இருக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயில் மணி அடித்தால் கால் தானாகச் செருப்பைத் தேடியது. துணி துவைக்கும்போது வாய் கீர்த்தனையை முணுமுணுத்தது. நம்பாதவள் கீர்த்தனை பாடலாமா? ராகத்தை மட்டும் பாடினால் தப்பில்லை என்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். ஓடிப்போய் ரயிலைப் பிடித்து ஏறியதும், "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வந்துவிடும். யாருக்கு இந்த நன்றியைச் சொன்னேன் என்று காட்பாடி வரும்வரை குழம்பிக்கொண்டிருப்பேன். கடைசியில் அது எஞ்சின் டிரைவருக்கு என்று வைத்துக்கொண்டேன்.

உள்ளே நடக்கிற கூத்து யாருக்கும் தெரியாது. ஆனால் நெற்றியை எல்லாரும் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் பொட்டு வைத்தவள் இந்து. முக்காடு போட்டவள் முஸ்லிம். வெறும் நெற்றியோடு தலையும் திறந்து போகிறவள் கிறிஸ்தவள். இந்த மூன்றிலும் சேராதவள் எப்படித் தெருவில் போவது? இதற்கு ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை.

என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி குடியாத்தத்து நெசவுக் குடும்பம். அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். ஒரு நாள் இடைவேளையில், "அதான் உட்டுட்ட இல்ல? அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்ச மொட்டையா வெச்சினு இருக்க?" என்று சொல்லிச் சாந்துக் குப்பியைத் திறந்து எனக்குப் பொட்டு வைத்துவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அதுதான் பேஜாராகப் போயிற்று.

மத்தியானம் ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தார். "ரொம்ப சந்தோஷம்மா. தாய் வீட்டுக்குத் திரும்பி வந்துட்டீங்க" என்றார். நான் ஒரு வீட்டை விட்டு வெளியே வந்தவள். என்னைக் கொஞ்ச நேரம் தெருவில் நிற்கவிடாமல் எதிர்வீட்டுக்காரர் கையைப் பிடித்து உள்ளே இழுக்கிறாரே என்று இருந்தது. நான் எங்கேயும் திரும்பவில்லை, எனக்கு எதுவும் இல்லை என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்படீன்னா நீங்க... இன்னா ஆளுங்க?" என்றார்.

கிறிஸ்தவள் என்று சொன்னால் பாதிப் பேர் அத்தோடு விட்டுவிடுவார்கள். மீதிப் பேர் தாங்களாகவே ஊகித்துக்கொண்டு செம்பைத் தள்ளி வைப்பார்கள். எதுவும் இல்லை என்று சொன்னதும் எல்லாரும் வாய்விட்டே கேட்டார்கள். எங்கள் முன்னோர் எந்தச் சேரியிலிருந்து எதை உதறிவிட்டு ஞானஸ்நானம் வாங்கினார்களோ, அதைத் திரும்ப எடுத்து என் மேல் போட ஊரே தயாராக இருந்தது. மனுஷியாக மட்டும் இருக்கப் போகிறேன் என்று நினைத்தேன். அப்படி ஒரு பெஞ்சு அந்தப் பள்ளிக்கூடத்தில் போடப்படவே இல்லை.

ஹெட்மாஸ்டருக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. கோபத்தில் பொட்டை அழிக்கவும் மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா தைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"இன்னா அது, மையா?"

"பொட்டும்மா. அந்த டீச்சர் வெச்சா."

திட்டுவாள் என்று நினைத்தேன். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: "உங்கப்பா போனப்ப பக்கத்துத் தெருப் பொம்பளைங்கல்லாம் வந்து என் நெத்தியப் பாத்தாங்க. அழிக்கிறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. நான் அந்த ஒண்ணுல தப்பிச்சேன். உனக்கு ஆசையா இருந்தா வெச்சிக்க. ஆனா வெச்சிவுடுற கை ஒரு நாள் அழிக்கவும் வரும். அதையும் யோசிச்சிக்க."

நான் போய் முகம் கழுவினேன். அம்மா சொன்னதற்காகவா, ஹெட்மாஸ்டர் மேல் இருந்த கோபத்தாலா, வெறும் பழக்கத்தாலா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த வருஷம் முழுக்க நான் செய்த எதற்கும் எனக்குக் காரணம் தெரியாது.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் மருந்து தன்னிடம் இருப்பதாகப் பெரியப்பா மகன் நினைத்தார். எனக்கு அண்ணன் முறை. தோல் ஷாப்பு ஆபீசில் கிளார்க், எப்போதும் கறுப்புச் சட்டை. கடவுள் இல்லை என்று மேடையில் பேசுவார். அவர் மனைவியும் பிள்ளைகளும் மட்டும் தவறாமல் கோயிலுக்குப் போவார்கள். கேட்டால், "புள்ளைங்க மிஷன் ஸ்கூல்ல படிக்குது இல்ல?" என்பார். நான் விட்டுவிட்டேன் என்று தெரிந்ததும் வீடு தேடி வந்து, "தங்கச்சி, நீதாம்மா நம்ம ஆளு! முதல்ல அந்த வேதப் பேரை மாத்து. நல்ல தமிழ்ப் பேரா வெச்சிக்குவோம்" என்றார். எனக்கு என் பேர் பிடிக்கும் என்றேன். அவருக்கு அது புரியவில்லை.

ஆனாலும் விடாமல் பேரணாம்பட்டில் நடந்த ஒரு சுயமரியாதைக் கல்யாணத்துக்கு என்னையும் அழைத்துப்போனார். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, தாலி இல்லை. மாலை மாற்றிக்கொண்டார்கள், பெரியவர்கள் பேசினார்கள். பெண் குனியாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நம் இடம் இதுதான் என்று அன்றைக்கு உண்மையாகவே தோன்றியது. கடைசியாகப் பேசியவருக்கு நல்ல குரல். மணமக்கள் ஒருவருக்கொருவர் அடிமையாக இல்லாமல் தோழர்களாக வாழட்டும், ஊருக்கு உதவட்டும், அறிவை நம்பட்டும் என்று ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கொண்டே போய், "வாழட்டும், வாழட்டும்!" என்று நிறுத்தினார். பந்தல் ஒரு கணம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் நான் தெளிவாக, சத்தமாக, "ஆமென்" என்றேன்.

பந்தலே திரும்பிப் பார்த்தது. பிறகு பிடித்ததே ஒரு சிரிப்பு! மணப்பெண்ணும் மாலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அண்ணனுக்கு மட்டும் அவமானம். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. அதன் பிறகு அவருடைய தோஸ்துகள் என்னைத் தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்லமாட்டார்கள், "ஆமென் தங்கச்சி, சௌக்கியமா?" என்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து அழுவேன். இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்றால் பிறகு நான் எங்கேதான் இருக்கிறேன்?

அந்தச் சிரிப்பு ஊர் சுற்றிக் காம்பவுண்டுக்கும் வந்து சேர்ந்தது. ஒரு சாயங்காலம் சபை மூப்பர்கள் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கெட்டவர்கள் இல்லை. அதில் ஒருவர் சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக் கிறிஸ்மஸ் மரம் காட்டியவர். காப்பியைக் குடித்துவிட்டு அவர்தான் ஆரம்பித்தார்.

"தப்பா நினைச்சிக்காதீங்கம்மா. சொந்த வீட்டு விளக்கு அணைஞ்சி கிடக்க, ஊருக்கு விளக்கேத்தப் போறீங்களேன்னு பேச்சு வருது. வர்ற முதல் ஞாயித்துக்கிழமை பாப்பா இராப்போஜனப் பந்திக்கு வந்துடட்டும். பேச்சு நின்னுடும். இல்லேன்னா உங்க வேலையப் பத்தி கமிட்டில பேச வேண்டியதா போயிடும்."

அம்மா, "சரிங்கய்யா" என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் போன பிறகு ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். கெஞ்சுவாள், அப்பாவைச் சொல்லி அழுவாள், எதுவானாலும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் வழக்கம்போலக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அன்றைக்குக் குடை விரியவில்லை. கம்பியை ஒரு நிமிஷம் தடவிச் சரிசெய்துவிட்டுப் போனாள். அவள் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த நடையை என்னால் நிறுத்திவிட முடியும்.

ஒரு வாரம் யோசித்தேன். என் கணக்கு எளிமையாகத்தான் இருந்தது. எனக்கு அந்த அப்பம் வெறும் அப்பம். திராட்சை ரசம் வெறும் ரசம். ஒரு வாய் தின்று ஒரு மடக்குக் குடித்தால் அம்மா வேலை நிற்கும், வீடு நிற்கும். எனக்கு ஒன்றும் குறையாது. கொள்கை, கொள்கை என்று அண்ணன் சொல்வது காதில் கேட்டது. அவருக்குப் பிள்ளைகளின் ஸ்கூல். எனக்கு அம்மா. இதில் யார் யாரைக் குற்றம் சொல்வது?

சனிக்கிழமை சாயங்காலம் ஐயர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "தோத்திரம் ஐயா. நாளைக்கு நானும் வர்றேன்."

அவருக்குச் சந்தோஷம். "யாரோடயாவது மனஸ்தாபம் உண்டாம்மா?"

"இல்லீங்கய்யா."

தலையை ஆட்டினார். நம்புகிறாயா என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற வழக்கமே இல்லை. நம்பாதவள் எதற்கு அந்த வாசலுக்கு வரப்போகிறாள்?

வீட்டுக்கு ஏறக்குறைய ஓடியே வந்தேன். அம்மா மறுநாளைக்கு வெள்ளைச் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, பேர் குடுத்துட்டு வந்துட்டேன்" என்றேன்.

சேலை கையிலிருந்து நழுவியது. அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் முகத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. "வந்துடுச்சாடி? நம்பிக்கை வந்துடுச்சா?"

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "அது இல்லம்மா. உனக்காகத்தான் குடுத்தேன். உன் வேலை இருக்கணும் இல்ல? எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. ஒரு துண்டு அப்பம், அவ்ளோதான்."

அம்மாவின் முகம் மாறிய விதத்தை இன்னமும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கோபம் என்றால் எனக்குப் பழக்கம். இது பயம். கிணற்று விளிம்பில் நடக்கிற குழந்தையைப் பார்க்கிறவள்போல நின்றாள்.

"ஒண்ணும் இல்லையா? நம்பாம அதை வாயில போட்டா ஆக்கினைத்தீர்ப்பு வரும், ஆண்டவரோட தண்டனை விழும்னு சின்னப்புள்ளையிலேந்து சொல்லிக் குடுத்தேனே. மறந்துட்டியா? போகாம இருந்தியே, அதுகூட பரவால்ல. கடவுள் பொறுத்துக்குவாரு. இதைப் பொறுக்கமாட்டாருடி!"

செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். வழியெல்லாம், "அம்மா, வேணாம்மா, ஒரு நாள்தானே" என்று கெஞ்சினேன். அவள் காதிலேயே வாங்கவில்லை.

ஐயர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அம்மா வாசலிலேயே நின்று, "ஐயா, என் மகள் குடுத்த பேரை எடுத்துடுங்க. அவளுக்கு நம்பிக்கை இல்ல" என்றாள்.

ஐயர் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். நல்ல மனுஷன். பிரச்சினை சுலபமாகத் தீர்ந்ததே என்றிருந்தவருக்கு இது தலைவலி. "விடுங்களேம்மா. வந்தாளே, அதுவே பெரிசு. போகப் போக நம்பிக்கை தானா வரும். கமிட்டில இன்னா சொல்வாங்கன்னு உங்களுக்கே தெரியுமில்ல?" என்று மெதுவாகச் சொன்னார்.

"தெரியும் ஐயா. அதுக்குத்தான் இவ வந்தா. என் வேலைக்காக வந்தா. ஆண்டவரோட பந்தியில என் பொண்ணைப் பலி குடுத்து அந்த வேலைய நான் பாக்கணுமா? எடுத்துடுங்க."

ஐயர் பெருமூச்சு விட்டு, "சரிம்மா" என்றார்.

மறுநாள் அம்மா தனியாகப் போய் அப்பம் வாங்கிவிட்டு வந்தாள். எனக்காக ரொம்ப நேரம் முழங்காலில் நின்றதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சில வாரம் கழித்துக் கமிட்டி கூடியது. வேலை போயிற்று. வேலையோடு வீடும். தோல் ஷாப்பு பக்கம் ஒரு அறை பிடித்தேன். ஆவாரம்பட்டையும் பச்சைத் தோலும் சேர்ந்து ஊறுகிற நாற்றம் ஜன்னல் வழியாக நேராக உள்ளே வரும். டேனரிக்காரர் வீட்டு அம்மா விஷயம் கேள்விப்பட்டு, "கதை கிடக்குது, நீ வந்து தையல் சொல்லிக் குடு" என்று ஆள் அனுப்பியிருந்தாள். அம்மா அதற்கு இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை.

வீடு காலி செய்கிற அன்றைக்குப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தோம். சுவரில் படம் மாட்டியிருந்த இடமெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. அம்மா அதைப் பார்க்காமல் வேலை செய்தாள். எனக்குத் தாங்கவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது கத்தலாக வெளியே வந்தது.

"ஆக்கினையும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா! அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. இல்லாத ஒண்ணுக்குப் பயந்து இருந்த வேலைய உட்டுட்டியே!"

அம்மா சாக்கின் வாயை இழுத்து முடிச்சுப் போட்டாள். பிறகு நிமிர்ந்து, சத்தமே இல்லாமல் சொன்னாள்.

"உனக்கு இல்லடி. எனக்கு இருக்குதே. அதுல உன்னைத் தள்ளிவுட்டுட்டு நான் எந்த வீட்ல போயி இன்னா கதை சொல்றது?"

நன்றி சொல்வதா, சண்டை போடுவதா, காலில் விழுவதா என்று தெரியாமல் சாக்குகளுக்கு நடுவே நின்றேன். இல்லாத ஆபத்திலிருந்து ஒருத்தி நம்மைக் காப்பாற்றினால், அவளுக்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அம்மா குனிந்து டிரங்குப் பெட்டியின் ஒரு பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "நின்னுனு இருக்காத, அந்தப் பக்கம் புடி" என்றாள். பிடித்தேன். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.